பழகினால் வருமா? ஓர் ஆங்கிலப் பழமொழியும் வடசென்னையின் பயிற்சிக் கூடங்களும்

பள்ளிச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கணக்கில் மார்க் குறைந்து வந்த பிள்ளையிடம் டியூஷன் அக்காவும் அதையேதான் சொல்வார்: 'பிராக்டிஸ் மேக்ஸ் பெர்ஃபெக்ட்'. ராயபுரத்திலிருந்து மாதவரம் வரை, ஆங்கிலம் அதிகம் புழங்காத வீடுகளில்கூட இந்த ஒரு ஆங்கிலப் பழமொழி சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. விடாமல் பழகினால் தேர்ச்சி வரும் என்பது அதன் பொருள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பழக்கம் பலன் தருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் அது பாதியில் நின்றுவிடுகிறது. சொல்லாமல் விட்ட அந்த மீதியை வடசென்னையின் கேரம் அறைகளிலும் குத்துச்சண்டைக் களங்களிலும் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் அது எங்கே பொருந்தும் என்று பார்ப்போம். கற்றுக்கொண்டிருப்பவருக்கு, கற்றலின் நடுவில், ஒரு சறுக்கலுக்குப் பிறகு சொல்லும் ஆறுதல் வார்த்தை இது. சைக்கிளில் விழுந்தவனுக்குச் சொல்லலாம். முதல் தடவை சப்பாத்தி வட்டமாக வராதவருக்குச் சொல்லலாம். பாராட்டு வாங்கும்போது பணிவாகப் பதில் சொல்லவும் உதவும்: "எப்படிங்க இவ்வளவு அழகா எழுதறீங்க?" என்று கேட்டால், "எல்லாம் பிராக்டிஸ்தான்" என்கிறோமே, அதுதான். கையாலோ நாவாலோ மனதாலோ திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய திறமைகளுக்கே இது பொருந்தும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுக்கிற முடிவுக்கு இதைச் சொல்ல முடியாது. 'பிராக்டிஸ் வாட் யூ பிரீச்' என்று இன்னொரு ஆங்கிலப் பழமொழி உண்டு. அது ஒழுக்கத்தைப் பற்றியது. ஊருக்கு உபதேசம் செய்பவர் முதலில் தான் அதன்படி நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டிலும் 'பிராக்டிஸ்' வருவதால் பரீட்சையில் ஒன்றுக்கு மற்றொன்றின் விளக்கத்தை எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு.

பழமொழிக்கு வயது அதிகம். பழக்கம் தேர்ச்சி தரும் என்ற பொருளில் இடைக்கால ஆங்கிலத்திலேயே ஒரு சொலவடை இருந்தது. 1553-ல் தாமஸ் வில்சன் என்பவர் சொற்பொழிவுக் கலை பற்றி எழுதிய நூலில், நாவன்மை பயிற்சியால் செம்மையடைந்தது என்று எழுதினார். பிற்காலத்தில் முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சராக இருந்தவர் அவர். இன்று நாம் சொல்லும் அதே மூன்று சொற்கள் 1761-ல் ஜான் ஆடம்ஸின் நாட்குறிப்பில் இருக்கின்றன. அப்போது அவர் இளம் வக்கீல். அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானது அதற்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்துத்தான். மேடைப் பேச்சு, வழக்காடும் தொழில் என்று பேச்சோடு தொடர்புடைய இடங்களில்தான் இந்தப் பழமொழி முதலில் காணக் கிடைக்கிறது.

நம்மிடம் இதற்கு இணையாக ஒன்றைக் கேட்டால் எல்லோரும் சொல்வது ஔவையார் பாட்டு. 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்பதோடு நிறுத்திவிடுவோம். வெண்பா அதோடு முடியவில்லை. படிப்பு மனப்பழக்கம், நடை நடைப்பழக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்று முடிகிறது. எது பழகினால் வரும், எது பழகினாலும் வராது என்று கோடு கிழித்துக் காட்டும் பாட்டு அது. ஆங்கிலப் பழமொழிக்கு அந்தக் கோடு கிடையாது. எதற்கு வேண்டுமானாலும் அதை எடுத்து நீட்டிவிடலாம். அதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதுதான்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன்? தப்பாகச் செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்தால் தப்புதான் கைவரும். புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கேரம் அறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன். வீட்டில் சின்னப் பலகையில் வருஷக்கணக்காக ஆடியவன். தெருவில் அவனை ஜெயிக்க ஆள் இல்லை. போட்டிப் பலகை 74 சென்டிமீட்டர் சதுரம், போரிக் பவுடர் போட்ட வழவழப்பு. அதில் உட்கார்ந்ததும் அவன் காய்கள் பாக்கெட்டின் ஓரத்தில் பட்டுத் திரும்பின. மாஸ்டர் காயைப் பார்க்கவில்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா தள்ற? விட்டு அடி."

"விட்டு அடிச்சா ஓரமா போவுது மாஸ்டர்."

"போவட்டும். காய் விழலன்னா பரவால்ல. வெரல் சரியா வர்ட்டும்."

விரல் ஸ்ட்ரைக்கரோடு ஒட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போவதைத்தான் தள்ளுவது என்கிறார்கள். ஸ்ட்ரைக்கரை அடிக்க வேண்டும், தள்ளக் கூடாது என்பது விதி. சொரசொரப்பான சின்னப் பலகையில் தள்ளினால்தான் காய் போகும், அதனால் அவன் கை அப்படிப் படிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான தடவை பழகியது. பழமொழிப்படி பார்த்தால் அவன் தேர்ச்சி பெற்றவன். அதைப் பிரித்து மறுபடி பின்ன வேண்டியிருந்தது. அப்படிச் செய்யும்போது கொஞ்ச காலத்துக்கு ஆட்டம் இன்னும் மோசமாகும். பழைய அடியில் விழுந்த காய்கூட விழாது. சரியான பயிற்சியின் ஆரம்பம் பல நேரம் பின்னடைவு போலத்தான் தெரியும். பெற்றோர் பயப்படுவதும் பிள்ளை ஓடிப்போவதும் அந்த இடத்தில்தான். அங்கே 'பழகு, வந்துவிடும்' என்று சொல்வதால் பயனில்லை. 'இப்போது குறைவது நல்லதுக்குத்தான்' என்று சொல்ல ஆள் வேண்டும்.

குத்துச்சண்டையிலும் இதே கதைதான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர் சொல்லி ஆடிய ஊர் இது. இன்றும் பயிற்சி தருபவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மணல் மூட்டையை ஒருவன் தனியாக ஒரு மணி நேரம் குத்தலாம். வலது கையால் குத்தும்போது முகத்தைக் காக்க வேண்டிய இடது கை கீழே இறங்கிவிட்டால் மூட்டை அதைச் சொல்லாது, ஏனென்றால் மூட்டை திருப்பி அடிக்காது. வாத்தியார் கையில் பேடு மாட்டிக்கொண்டு எதிரில் நின்றால், இடது கை இறங்கிய நொடியில் கன்னத்தில் ஒரு தட்டு விழும். தப்பு நடந்த நொடியிலேயே அது தெரிகிறதா, இல்லையா என்பதுதான் மூட்டைக்கும் வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம்.

இதை ஆராய்ச்சியும் சொல்கிறது. ஆனால் அதில் பாதிதான் ஊருக்குள் பரவியது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு பெர்லின் இசைக் கழகத்தில் வயலின் படித்த மாணவர்களைத் திறமைப்படி மூன்று குழுவாகப் பிரித்து, சிறுவயதிலிருந்து எவ்வளவு நேரம் தனியாகப் பயிற்சி செய்தார்கள் என்று கணக்குக் கேட்டார்கள். 18 வயதுக்குள் முதல் குழு சராசரியாக 7,400 மணி நேரம் வாசித்திருந்தது. இரண்டாவது குழுவுக்கு 5,300, இசை ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்றாவது குழுவுக்கு 3,400. இருபது வயதில் முதல் குழுவின் சராசரி 10,000-ஐத் தாண்டியது. 2008-ல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் ஒரு நூலில் இதைப் பிரபலப்படுத்திய பிறகு, 'பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை' என்று ஒரு புதுப் பழமொழியே பிறந்துவிட்டது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. பத்தாயிரம் என்பது ஒரு குழுவின் சராசரி, அதைத் தொடாதவர்களும் அந்தக் குழுவில் உண்டு. அவர் அழுத்திச் சொன்னது பயிற்சியின் தன்மையைப் பற்றி: இன்று எதைத் திருத்தப் போகிறோம் என்ற குறி, தன்னால் இப்போதைக்கு முடிகிற அளவைவிடக் கொஞ்சம் கடினமான பாடம், தப்பை உடனே காட்ட ஓர் ஆசிரியர், முழுக் கவனம். நாம் எல்லோரும் இருபது, முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறோம், அதனால் கையெழுத்து அழகாகிவிடுவதில்லை. வேலைக்குப் போதும் என்ற நிலை வந்ததும் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும், வளர்ச்சி அதோடு நின்றுவிடும்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. சிறந்த வயலின் மாணவர்கள் மூன்றாவது குழுவினரைவிட அதிக நேரம் தூங்கினார்கள், பகலிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள். பயிற்சியைச் சின்னச் சின்ன அமர்வுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் முழுக் கவனத்தோடு பழகுவது யாருக்கும் கஷ்டம்தான்.

பிரித்துப் பழகுவதன் பலனுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். 1978-ல் வெளியான ஆய்வு, பாட்லி, லாங்மன் என்ற இருவர் செய்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்றுத்தர வேண்டியிருந்தது. ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு வேளை, மொத்தம் நாலு மணி நேரம். விசைகள் கைவர முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது, நாலு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 ஆனது. ஆனால் மனநிறைவு மிகக் குறைவாக இருந்தது ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான். நாள் கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்கிப் போவதாக அவர்களுக்குத் தோன்றியது.

தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மணி அடித்ததும் அடுத்த பேட்ச். மெஷின் குறைவு, ஆள் அதிகம் என்பதால் வந்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் கற்பதற்கு அதுதான் சரியான அளவு. வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் குரூப் 4 தட்டச்சர் வேலைக்காகக் காலை ஆறு மணிக்கே வந்து உட்காரும் பெண்கள், ஆங்கிலத் தட்டச்சில் கீழ்நிலைத் தேர்வான லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், மேல்நிலைத் தேர்வான ஹையருக்கு 45 என்று இப்படித்தான் ஏறுகிறார்கள்.

அங்கேயும் திருத்தும் கண் ஒன்று உண்டு. பழைய ரெமிங்டன், ஃபாசிட் டைப்ரைட்டர்களில் எழுத்து எவ்வளவு கறுப்பாக விழும் என்பது விரல் கொடுக்கும் அடியைப் பொறுத்தது. 'ஏ' என்ற எழுத்து இடது சுண்டுவிரலுக்கு உரியது. சுண்டுவிரல் பலவீனமான விரல், அதனால் புதிதாகக் கற்பவரின் தாளில் ஏ மட்டும் வெளுத்து நிற்கும். மேடம் தாளைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுண்டுவிரல் அமுங்கலை" என்பார். சில வாரம் கழித்து ஏ திடீரென்று கறுப்பாகிவிட்டால் அவர் சந்தோஷப்படுவதில்லை, அருகில் வந்து நின்று பார்ப்பார். சுண்டுவிரலுக்குப் பதில் மோதிரவிரலை வைத்து ஏமாற்ற ஆரம்பித்திருப்பாள் அந்தப் பெண். லோயர் வேகத்துக்கு அந்த ஏமாற்று தாங்கும், ஹையரில் கை சிக்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கும் அனுபவம் ஒரு கம்ப்யூட்டர் விசைப்பலகைக்கு வராது. அதில் எந்த விரல் அடித்தாலும் எழுத்து ஒரே கறுப்பு.

ஒரே அடியையே நூறு தடவை அடிப்பது நல்ல பயிற்சியா? கேரம் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் நல்ல மாஸ்டர்கள் அப்படி விடுவதில்லை என்று தெரியும். காயைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், ஒரு நேரடி அடி, ஒரு கட், ஒரு பேக் ஷாட் என்று கலைத்துக் கலைத்துக் கொடுப்பார். 1978-லேயே கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுப் பிள்ளைகளைக் குறிபார்த்துப் பை எறியவிட்டார்கள். பாதிப் பேர் மூன்று அடி தூரத்தில் மட்டும் பழகினார்கள். மீதிப் பேர் இரண்டு அடியிலும் நாலு அடியிலும் பழகினார்கள், மூன்று அடியில் பழகவே இல்லை. கடைசிச் சோதனை மூன்று அடியில். அதில் நன்றாக எறிந்தவர்கள் இரண்டாவது குழுவினர்தான். கலந்து பழகும்போது தப்பு அதிகம் வரும், எரிச்சலும் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணித்துத்தானே எறிய வேண்டும்? அந்தக் கணிப்புத்தான் கையில் தங்குகிறது.

பள்ளிகளில் இந்தப் பழமொழி படும் பாடு எனக்கு வருத்தம் தருகிறது. தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுதிவா என்று அனுப்புகிறோம். முதல் வரியிலேயே ஒரு கால் விட்டுப்போனால், மீதி ஒன்பது வரியிலும் அந்தக் கால் இருக்காது. நோட்டை வாங்கி வரிகளை எண்ணிப் பார்க்கிறோமே தவிர வாசித்துப் பார்ப்பதில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் ஒவ்வொரு நோட்டையும் வாசிக்க ஆசிரியருக்கு நேரம் ஏது என்பதும் நியாயம்தான். ஆனால் அதைச் சரிசெய்யாமல் பழமொழியை மட்டும் சுவரில் எழுதினால், முடியாத பிள்ளை தன்னையேதான் குறை சொல்லிக்கொள்ளும்: நான்தான் சரியாகப் பழகவில்லை.

அதே சமயம், பயிற்சி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. 2014-ல் மெக்னமாரா, ஹேம்ப்ரிக், ஆஸ்வால்ட் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் திறமை வேறுபடுவதில் பயிற்சியின் பங்கு செஸ் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல் விளையாட்டுகளில் 18, படிப்பில் வெறும் 4. எரிக்சன் இதை ஏற்கவில்லை, நல்ல பயிற்சியையும் வெறும் பழக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று வாதாடினார். அந்த வாதம் எப்படி இருந்தாலும், மார்க் வராத பிள்ளையைப் பார்த்து 'நீ பிராக்டிஸ் பண்ணலை' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது தப்பு என்பதற்கு அந்த 4 சதவீதம் போதும்.

இப்போது வடசென்னைக் கேரத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பழமொழிக்கு உயிருள்ள சான்று கேட்டால் இந்த ஊர் அதைத்தான் காட்டும். சென்னைக்காரரான மரியா இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார்: பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழு. அப்போது அவருக்கு வயது 17. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்க்காரர். தந்தை ஆட்டோ ஓட்டுநர். அந்தப் பகுதியில் கேரம் பயிற்சி மையம் நடத்துபவரும் அவரே. இந்தக் கடைசி விஷயத்தை நாம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் உழைப்பு பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு பலகை இருந்தது, உட்கார இடம் இருந்தது, தப்பைச் சொல்ல ஒரு கண் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் அதே அளவு விடாமுயற்சியோடு தெருமுனையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்கிறார்கள் என்றால் பலகையை எங்கே போடுவது? விளக்கை எத்தனை மணிவரை எரிய விடுவது? பெர்லின் மாணவர்கள் போட்ட பகல் தூக்கத்தை ஹவுசிங் போர்டு வீட்டில் யார் போட முடியும்? பழகுவதற்கு நேரமும் இடமும் வேண்டும் என்பதைப் பழமொழி சொல்வதே இல்லை. அவை எல்லோரிடமும் இருப்பது போலப் பேசுகிறது. வடசென்னையில் அந்தக் குறையை இதுவரை நிரப்பியது தனி மனிதர்கள்தான். பகலில் துறைமுகத்திலோ கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவர்கள். கொடை பிறவிக் குணம் என்று ஔவையார் பாடியது இவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அவர்களை வருஷக்கணக்காகப் பழக்கி யாரும் உருவாக்கவில்லை.

காசிமாவுக்கு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது, அது சரியான காரியம். ஆனால் பரிசு ஜெயித்த பிறகு வருவது. பலகையும் அறையும் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே தேவைப்படுகின்றன. ஒரு போட்டிப் பலகையைச் சுற்றி ஒரே நேரத்தில் நாலு பிள்ளைகள் உட்காரலாம், நாலு பலகை போட ஒரு சாதாரண வகுப்பறை தாராளமாகப் போதும். மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. பேட்டைக்கு ஒரு பள்ளியில் ஓர் அறையைச் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை திறந்துவைத்து, ஏற்கெனவே கற்றுத்தந்துகொண்டிருக்கும் மாஸ்டர்களுக்கு ஒரு மதிப்பூதியமும் கொடுத்தால், கொருக்குப்பேட்டையிலும் எண்ணூரிலும் பலகை இல்லாமல் நிற்கும் பிள்ளைகளிடமும் 'பிராக்டிஸ் பண்ணு' என்று கூசாமல் சொல்லலாம்.